மேலவையில் கேட்காத கேள்வி

தொலைக்காட்சியில் யாரோ, சட்ட மேலவையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பேசினார். கட்டிலில் கிடந்த அப்பா தலையைத் தூக்கினார். வெயிலில் காய்ந்த ரேடியோ பேட்டரிகளின் சூடு மறுபடி என் உள்ளங்கையில் ஏறியது.

நான் பள்ளியில் படித்த காலத்தில் அப்பா வேடசந்தூரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். செய்யாத தவறுக்கு வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அப்போது மேலவையில் ஆசிரியர்களுக்கென்றே உறுப்பினர்கள் உண்டு. ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவார்கள். அவர்களில் ஒருவர், அப்பாவுக்காகச் சபையில் கேள்வி கேட்பதாகச் சொல்லியிருந்தார். அதைச் செய்தியில் கேட்கத்தான் தீர்ந்த பேட்டரிகளை, சூடேறினால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும் என்று அம்மா தினமும் முற்றத்தில் காயவைப்பாள். பள்ளி விட்டு வந்து நான் எடுத்து ரேடியோவில் போடுவேன். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல் பல நாளாகியிருந்தது.

ஒரு மாலை ரேடியோ கரகரத்தது. மேலவையையே கலைத்துவிட்டார்களாம்.

"அப்ப நம்ம கேள்வி?" என்றாள் அம்மா.

"கேக்குறதுக்கு எடமே இல்லயேடி" என்ற அப்பா ரேடியோவை நிறுத்தவில்லை. அது தானாக அடங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் பேட்டரிகளை அவரே எடுத்துப்போய் வெயிலில் வைத்தார்.

வேலை திரும்பக் கிடைக்கவேயில்லை. இப்போது அவருக்குக் கண்ணும் தெரியாது. தொலைக்காட்சிச் சத்தம் வந்த திசையில் கையை நீட்டினார்.

"ஏத்தா, சத்தமா வையி. நம்ம கேள்விய எடுத்துக்கிட்டாங்களான்னு கேப்போம்."