கதவைத் தட்டும் கணக்கு

திருநாள் காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் கோலோடு வீடு வீடாக வருவார்கள். வீட்டில் எத்தனை பேரோ, கதவில் அத்தனை தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளேயிருந்து ஒருவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். வெளியூர் போனவருக்காக வீட்டார் "இருக்கார்" என்பார்கள். செத்தவருக்குத் தட்டு கிடையாது.

தையல்காரம்மா சிறுமியாக இருந்தபோது கோல் அவள் கையில்தான். சரியான முந்திரிக்கொட்டை. எந்த வீட்டில் எத்தனை தலை என்பது விரல்நுனியில். ஒரு வருஷம் கொல்லர் வீட்டில் ஒரு தட்டைக் குறைத்தாள். சுரங்க வேலைக்குப் போன கொல்லர் திரும்பவில்லை. ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் மனைவி தெருமுனை வரை ஓடிவந்தாள். "இன்னொண்ணு தட்டிட்டுப் போ கண்ணு. அவர் இருக்கார்." இவள் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள். பத்து வயசுக்கு என்ன தெரியும் என்று நாம் சொல்லலாம். அவள் அப்படித் தன்னை மன்னித்ததில்லை.

இப்போது அவள் மகன் கப்பல் வேலைக்குப் போய் நாலு வருஷம். மூன்று வருஷமாகப் போனும் இல்லை, கடிதமும் இல்லை. போன இரண்டு திருநாளிலும் இரண்டு தட்டு விழுந்தது. "இருக்கான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? போன வாரம் அளவு கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "மனசைத் தேத்திக்கோ அக்கா" என்றாள்.

இந்தத் திருநாள் காலையில் தையல் மெஷினை மூடிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஒரு தட்டு விழுந்தது.

"இருக்கேன்."

அடுத்தது விழவில்லை. காலடிகள் நகர்ந்தன. கதவைத் திறந்தாள். கோல் பக்கத்து வீட்டுக்காரியின் மகள் கையில் இருந்தது.

"ஏம்மா, ஒண்ணோட போறே?"

"ஒண்ணுதான்னு அம்மா சொன்னாங்க பெரியம்மா."

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தது. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கோலை வாங்கித் தன் கதவில் தானே ஓங்கித் தட்டினாள். பிள்ளைகள் பதிலுக்காக நின்றார்கள். பதிலையும் அவள்தான் சொல்ல வேண்டும்; வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? வாயைத் திறந்தாள். ஒரே ஒரு சொல், சொல்லிப் பழகிய சொல்தான். வரவில்லை.

சிறுமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகக் கோலை வாங்கிக்கொண்டாள்.

"போகட்டுமா பெரியம்மா?"

தலையாட்டினாள். அடுத்த வீட்டில் ஐந்து தட்டு விழுந்தது. ஐந்துக்கும் பதில் வந்தது.