ஈரமணலில் அளந்த கால்

அப்பாவின் பலாப்பலகை இன்றும் கண்முன் நிற்கிறது. மண்டைக்காட்டுக் கடற்கரையில் அள்ளிய பொடிமணலை அதில் பரப்பி, நீர் தெளித்து, தலையில் சுமந்துகொண்டு பெரிய வீட்டு முற்றங்களுக்குப் போவார். செருப்பு வேண்டியவர் மணலை மிதித்துவிட்டு நகர்ந்துகொள்வார். அப்பா அந்தத் தடத்தை ஓலையால் அளப்பார். எங்கள் கை அவர்கள் காலில் பட்டால் தீட்டாம். நாங்கள் தைத்த செருப்புக்கு மட்டும் தீட்டில்லை, என்ன நியாயமோ! கனத்த உடம்புக்குத் தடம் அகலும் என்பதால், ஒரு விரற்கடை உள்ளே தள்ளித் தோலை வெட்டுவார். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே அதுதான் முறை. ஊருக்கெல்லாம் தைத்த எங்கள் குடும்பத்தில் ஒருவரும் செருப்புப் போட்டதில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அண்ணனுக்குக் குளச்சல் பக்கம் வாத்தியார் வேலை கிடைத்தது. எங்கள் குடியில் முதல் சம்பளக்காரன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பலகையை அவன் முன்னாலும் வைத்தார்.

"நல்லா சவுட்டுலே மக்கா, மணல்ல தடம் பதியட்டும்."

"கையால அளக்கப்பிடாதாப்பா? நான் உங்க மவன்லா?"

"காலத் தொட்டு அளந்து எனக்குப் பழக்கமில்லலே."

அண்ணன் ஒல்லி. அவன் தடம் அகலவில்லை. ஆனால் அப்பாவின் கை வழக்கம்போல் ஒரு விரற்கடை உள்ளேயே வெட்டியது.

அவன் செருப்பை மாட்டிப் பார்த்ததும், "கொள்ளாமாலே, நல்லாருக்கா?" என்றார்.

"கொள்ளாம்ப்பா." அப்பா முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்த எவனுக்கும் வேறு பதில் வந்திருக்காது.

தினமும் அதைப் போட்டுக்கொண்டே பள்ளிக்கு நடந்தான். குதிகாலில் கொப்புளம் உடைந்து, மண் பட்டுப் புரையோடியது. ஜன்னி கண்டு, தாடை இறுகி, வாய் திறக்க முடியாமலே போய்ச் சேர்ந்தான். பாவி மனுஷன், வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா!

பிணத்தின் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணியை நீட்டினார்கள். அப்பா அந்தக் காலை இரு கைகளாலும் ஏந்தினார். குதிகாலிலிருந்து விரல் நுனிவரை சாண் போட்டு அளந்தார். "தப்பா வெட்டிட்டேனே மக்கா" என்று அதன்மேலேயே கவிழ்ந்தார்.

பதினாறு கழிந்த மறுநாள் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. வீட்டில் அரிசி இல்லை. அப்பா பலகையில் மணலைப் பரப்பி, நீர் தெளித்துச் சுமந்துகொண்டு போனார். சாகும்வரை தடத்தைத்தான் அளந்தார்.

போன வாரம் நாகர்கோவில் கடையில் ஒரு பையன் என் காலைத் தன் கையில் ஏந்திச் செருப்பை மாட்டி, "கொள்ளாமா அம்மா?" என்றான். காலை இழுத்துக்கொண்டேன். செருப்பை வாங்காமல் வந்துவிட்டேன்.