ஸ்வெட்டருக்கு மேலே கட்டிய வாட்ச்

போன தடவை லீவில் வந்தபோது என் மகள் பெட்டி நிறைய ஒரே கம்பெனிச் சாமான்களாகக் கொண்டுவந்தாள். எனக்கு ஒரு போன், கைக்கு ஒரு வாட்ச், சமையல் மேடையில் வைக்க ஒரு ஸ்பீக்கர், வாசலுக்கு ஒரு கேமரா. அவள் அப்பா போன பிறகு கோத்தகிரியில் நான் ஒற்றை ஆள். அவளோ வெளிநாட்டில். எல்லாம் ஏன் ஒரே கம்பெனி என்று கேட்டேன்.

"ஒரே பிராண்டா இருந்தாத்தானுங்கம்மா ஒன்னோட ஒன்னு பேசிக்கும்" என்றாள்.

பேசிக்கும் என்று அவள் சொன்னது அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இருந்தது. இன்றைக்கு அந்த வார்த்தையை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அதுவரை தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது. சாப்டீங்களா, என்ன கொழம்பு, கால் வீக்கம் வடிஞ்சுதா, காலையில நடந்தீங்களா. நான் அவரைக்காய்க் குழம்பு என்பேன். அவள் தனக்கு அங்கே காய்ந்த ரொட்டிதான் என்பாள். பஸ்ஸில் பார்த்தது, கடையில் கேட்டது என்று அவளுக்குச் சொல்லவே நாள் முழுக்கக் கதை சேர்த்து வைப்பேன்.

சாமான்கள் வந்த பிறகு கேள்விகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நான் நடந்ததை வாட்ச் அவள் போனுக்குச் சொல்லிவிடுகிறது. தூங்கியதையும் அதுவே சொல்கிறது. பால்காரர் வந்து போனதைக் கேமரா சொல்கிறது. தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றானது, பிறகு அதுவும் தள்ளிப்போனது. ஒருநாள் மனசு பொறுக்காமல் நானே கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன்.

"நீங்க நல்லா இருக்கறதுதான் எனக்கு இங்கயே தெரியுதேம்மா. அப்பறம் என்ன?" என்றாள்.

அப்புறம் என்னவாம்! நான் நல்லா இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறதே.

பக்கத்து வீட்டம்மா வேறு வந்து புண்ணில் உப்பை வைத்துத் தேய்ப்பார். "ஏனுங்க, உங்களுக்கென்னுங்க குறை? புள்ளை அங்க இருந்துட்டே உங்களைக் கண்ணுல வெச்சுப் பார்த்துக்குதே." அவருடைய மகன் மேட்டுப்பாளையத்தில் இருந்துகொண்டு தினமும் போனில் அவரோடு சண்டை போடுவான். கொடுத்துவைத்த பொம்பளை.

ஒரு காலையில் வாசலுக்குக் காட்டெருமை வந்தது. எங்கள் பக்கம் அது புதிதல்ல. வரும், பூச்செடியைத் தின்னும், போகும். ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். உடனே போன் அடித்தது. "அம்மா, வாசல்ல யாரோ ஆள் நிக்கறதா காட்டுது, யாருங்கம்மா?" என்று பதறினாள். எருமை என்றேன். "அப்பாடா" என்று வைத்துவிட்டாள். சாப்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. எருமைக்கு வந்த போன் எனக்கு வரவில்லையே என்று அன்றைக்கு டீயைக் கீழே கொட்டினேன்.

குளிர் ஏறிய மாதத்தில்தான் வழி கிடைத்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர் ஸ்வெட்டர் கைக்கு மேலேதான் வாட்ச் கட்டுவோம். பஸ் நேரம் பார்க்க ஒவ்வொரு தடவையும் கம்பளியைச் சுருட்டிக்கொண்டிருக்க யாரால் முடியும்? பழக்க தோஷத்தில் இதையும் அப்படியே கட்டிவிட்டேன். கம்பளிக்கு ஏது நாடி? வாட்சுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சாயங்காலம் போன் வந்தது.

"ஏம்மா, வாட்ச்சைக் கட்டலீங்களா? எனக்கு ஒன்னுமே வர்லீங்கம்மா, பயந்தே போயிட்டேன்."

அந்தப் பயம் எனக்கு இனித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இனித்தது. அதை ஸ்வெட்டருக்கு உள்ளே கட்டச் சொல்லி அவள் பாடம் நடத்த, அப்படியே பேச்சு வளர்ந்து, குழம்பு வரைக்கும் வந்தது. மறுநாளும் மேலேயே கட்டினேன். அதற்கு மறுநாளும். தினமும் திட்டு வாங்கினேன், தினமும் பேசினேன். "மறந்துபோச்சு கண்ணு" என்று சொல்வதற்கு வாயைத் தயாராக வைத்திருப்பேன். அவள் குரலில் சலிப்பு ஏறியது எனக்குத் தெரியாமல் இல்லை. சலித்துக்கொண்டாலும் குரல் குரல்தானே.

பிறகு ஒருநாள் வழக்கம்போல் ஸ்வெட்டருக்கு மேலே கட்டிக்கொண்டு, அடுப்பில் அவரைக்காயை வைத்துவிட்டு, போனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். போன் அடிக்கவில்லை. மேடையில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து அவள் குரல் வந்தது. "அம்மா, வாட்ச்சை ஸ்வெட்டருக்கு உள்ள கட்டுங்கம்மா."

அதில்கூடக் கூப்பிடலாம் போலிருக்கிறது என்று நினைத்தேன். எவ்வளவு தெளிவான குரல்! பக்கத்தில் நின்று பேசுவதுபோல இருந்தது. கரண்டியை வைத்துவிட்டுக் கிட்டே போனேன்.

"கட்டறேன் கண்ணு. நீ சாப்டியா? என்ன சாப்ட்டே?"

மறுபடியும் கேட்டேன். லைன் போய்விட்டதோ என்று சத்தமாகக் கேட்டேன். பிறகு வாட்ச்சைக் கழற்றினேன், ஸ்வெட்டர் கையை ஏற்றினேன், கட்டிவிட்டதைச் சொன்னேன். மறுபடி மேலே கட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அதே குரல், அதே இழுப்போடு, அதே வார்த்தைகளைச் சொன்னது. ஒரு தடவை பேசிப் பதிந்து வைத்துவிட்டாள். இனிமேல் வாட்ச் ஸ்பீக்கரிடம் சொல்லும், ஸ்பீக்கர் என்னிடம் சொல்லும்.

குழம்பு அடிபிடித்திருந்தது. வாட்சுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் கேட்க ஒரு ஆள் இருந்தால்தானே அதைச் சொல்வதற்கு.