இரண்டாவது கியரின் சத்தம்

மீட்டர்க்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் குறித்த மனிதர். வேலை ஓய்ந்து ஏழு வருடம் ஆகியும் பெயர் மட்டும் ஓயவில்லை. அவர் தலை மறைந்ததும் தெரு வேறொன்றும் சொல்லும். அந்த டப்பா காரைக் கட்டிக்கொண்டு ஏன்தான் இப்படி மாரடிக்கிறாரோ, கையில் இருப்பதை எடுத்துச் செலவு செய்ய மனசு வராத கஞ்சன் என்று. தெருவுக்கு என்ன, வாய் இருக்கிறது, பேசும்.

காருக்கு முப்பத்தொரு வயது. அதைச் செய்த கம்பெனி அந்த மாடலை நிறுத்தி இருபத்திரண்டு வருடமாகிறது. அதன் உள்ளே இப்போது என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். வைப்பர் மோட்டார் ஒரு பழைய பஸ்ஸுடையது. கண்ணாடியை ஒரே வீச்சில் துடைத்துவிட்டு இன்னும் துடைக்க இடம் தேடும். ஆக்சிலேட்டர் கேபிள் மோட்டார் சைக்கிளுடையது. பின் கதவின் கைப்பிடி இரும்பு பீரோவிலிருந்து கழற்றியது. தண்ணீர் பம்புக்குள் சுற்றுகிற தண்டு இருக்கிறதே, அது வயலுக்குத் தண்ணீர் இறைத்த ஒரு மோட்டாரின் தண்டு. லேத்துக்காரர் ஒருவர் முனகிக்கொண்டே கடைந்து கொடுத்தார்.

எந்தக் கடைக்குப் போனாலும் மீட்டர்க்காரர் வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டார். சொன்னால் கடைக்காரன் சிரித்துக் கைவிரித்துவிடுவான். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, உள்விட்டம் இவ்வளவு, வெளிவிட்டம் இவ்வளவு, கனம் இவ்வளவு, இதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று அளவை மட்டும் சொல்லிக் கேட்பார். முப்பத்து மூன்று வருடம் எண்களைக் குறித்த கை. அளவு தப்பியதே இல்லை. டிராக்டர் கடையில் கிடைக்கும், ஜெனரேட்டர் கடையில் கிடைக்கும், ஒருமுறை மாவரைக்கும் மிஷின் விற்கிற கடையில் கூடக் கிடைத்தது.

இவ்வளவு பாடும் அவருக்காக இல்லை. அவர் மகனுக்காக.

மகனுக்கும் முப்பத்தொரு வயதுதான். ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். பேச்சு நாலைந்து வார்த்தைக்கு மேல் வந்ததில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே ராத்திரி பகலாக அழுதவன், புதிதாக வந்த அந்தக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனால் மட்டும் அடங்குவான். வளர்ந்தான், மீசை முளைத்தது, அது மட்டும் மாறவில்லை. சாயங்காலம் நாலு மணி ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் காரின் பக்கத்தில் நிற்பான். ஒரு மணி நேரச் சுற்று. பஸ் பணிமனையைத் தாண்டி, பாலத்தில் ஏறி இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற நீண்ட ஏற்றத்தில் போய்த் திரும்ப வேண்டும். அந்த ஏற்றத்தில் வண்டியை இரண்டாவது கியரில்தான் போடணும். பல் தேய்ந்த அந்தக் கியர் 'ஊ' என்று ஒரே சீராக ஊளையிடும். மகன் கண்ணை மூடி, நெற்றியைப் பக்கக் கண்ணாடியில் சாய்த்து, அதே சுருதியில் கூடவே முனகுவான். ஏற்றம் முடியும்போது முகம் தெளிந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவான், தூங்குவான்.

சுற்று இல்லாத நாளில் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். தடுக்கப் போனவர்களுக்கும் அடி விழும். ஆறு வருடம் முன்பு கிளட்ச் போய் ஒன்பது நாள் கார் படுத்துவிட்டது. எட்டாம் நாள் அவன் அம்மாவின் மணிக்கட்டு ஒடிந்தது. இன்றைக்கும் அந்தக் கையால் அவளால் துணியைப் பிழிய முடியாது.

அப்போதே டாக்டரும் சொன்னார், மைத்துனரும் சொன்னார், இவன் மாதிரிப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற ஹோமில் விட்டுவிடுங்கள் என்று. மீட்டர்க்காரர் போய்ப் பார்த்தார். குறை சொல்லக் கூடாது, சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு இரும்புக் கட்டிலின் பக்கத்திலும் அகலமான துணிப் பட்டை ஒன்று தொங்கியது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வராந்தாவில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், மாத்திரை மயக்கத்தில், வாய் திறந்தபடி. ஒருவர் வேட்டியில் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரே வார்த்தை சொன்னார். "நான் இருக்கற வரைக்கும் அந்தப் பேச்சு வேண்டாம்."

வேறு காரில் ஏற்றிப் பார்க்காமலா இருந்தார்கள்? மைத்துனரின் புதுக் காரில் ஏற்றினார்கள். இரண்டு தெரு தாண்டுவதற்குள் ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்துவிட்டான். சொந்தக் காரிலேயே ஒருமுறை சைலன்சரைப் புதிதாக மாற்றியபோது, பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான். மீட்டர்க்காரர் பழைய இரும்புக் கடைக்கு ஓடி, எடைக்குப் போட்ட பழைய சைலன்சரையே தேடி எடுத்து, ஓட்டைக்குத் தகரம் வைத்து அடைத்து மறுபடி மாட்டினார். அன்றிலிருந்து எந்தப் பாகத்தை மாற்றினாலும் மகன் உள்ளங்கை வைத்துப் பார்க்க வேண்டும். ஏறி உட்கார்ந்தால், "இன்ஸ்பெக்டர் சர்டிபிகேட் குடுத்தாச்சு" என்பார் அப்பா. அந்த வீட்டில் சிரிப்பு வருகிற இடம் அது ஒன்றுதான்.

இதில் ஒரு வார்த்தையாவது ஒர்க்‌ஷாப்பில் சொல்லியிருக்கிறாரா என்றால், இல்லை. மகனைப் பற்றி வெளியே வாய் திறப்பது அவருக்கு ஆகாது. 'ஐயோ பாவம்' என்று முகத்தைச் சுளித்து ஒரு பார்வை பார்ப்பார்களே, அதற்கு அவர் கஞ்சன் பட்டத்தையே வாங்கிக்கொள்வார். மெக்கானிக் நல்ல மனிதர், பத்து வருடப் பழக்கம். ஒவ்வொரு முறையும் வண்டியை எடுக்கும்போது மீட்டர்க்காரர் கேட்பது ஒரே கேள்வி: "சத்தம் எப்படிப்பா இருக்கு?" அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

போன மாதம் அந்த ஏற்றத்திலேயே இரண்டாவது கியரின் பற்கள் உடைந்து, உடைந்த துண்டு உள்ளே புகுந்து கியர்பாக்ஸையே கிழித்துவிட்டது. மெக்கானிக் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இதே மாடல் கியர்பாக்ஸ் முழுசாகக் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் வண்டியை மறந்துவிடுங்கள் என்றார்.

மீட்டர்க்காரர் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். இந்த முறை அளவு உதவவில்லை. வேறு வண்டியின் கியர்பாக்ஸை மாட்ட வழி இருந்தது. சத்தத்துக்கு எங்கே போவது? பதினெட்டு நாள். வீட்டில் இரண்டாம் நாளே சுவர் முழுக்கத் தலையணைகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மகன் தலையணை இல்லாத இடத்தைக் கண்டுபிடித்தான். மாத்திரையைக் கூட்டினார்கள். சோற்றை வாயில் வைத்தால் விழுங்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தான். நாலு மணிக்கு மட்டும் மயக்கத்திலேயே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, கார் இல்லாத இடத்தில் போய் நின்றான். வீடு செத்துப் போயிருந்தது. ஒருநாள் சமையல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மனைவி பாத்திரம் வைக்காமல் நின்றுகொண்டிருந்ததை அவர் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயமாக இருந்தது.

பத்தொன்பதாம் நாள், நாலு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அதே மாடல், முன்பக்கம் நசுங்கி, எஞ்சினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்ட கார். கியர்பாக்ஸ் முழுசாக இருந்தது. கீழே இறக்கி, இரண்டாவது கியரில் போட்டு, தண்டைக் கையால் வேகமாகச் சுற்றி, காதை இரும்போடு ஒட்டவைத்துக் கேட்டார். மெல்லிசாக, மிக மெல்லிசாக, அந்த 'ஊ' இருந்தது. மனிதர் எண்ணெய் மண்ணில் உட்கார்ந்து அழுதேவிட்டார். கடைக்காரன் என்னமோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து மெக்கானிக்கிடம் இறக்கினார். இரண்டு நாள் கேட்டார் மெக்கானிக். "சத்தம் மட்டும் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு நாள் நாலு நாளாயிற்று. நாலாம் நாள் போனபோது மெக்கானிக் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"பத்து வருஷமா சத்தம் சத்தம்னு கேட்டுட்டே இருந்தீங்களே சார், எனக்கு மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. இந்தத் தடவை விடக் கூடாதுன்னு பெட்டியைப் பிரிச்சிட்டேன். எல்லா பேரிங்கும் புதுசு. செகண்ட் கியருக்கு ஒரு சரக்கு வேனோட பல்லு அப்படியே பொருந்துச்சு, அதுவும் புதுசு. ஓட்டிப் பாருங்க, ஊசி விழுந்தாக் கூடக் கேக்கும்."

மீட்டர்க்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பழைய பற்கள் எங்கே என்று கேட்டார். காலையில்தான் இரும்பு லாரி வந்தது, உடைந்த பெட்டி, தேய்ந்த பல் எல்லாவற்றையும் உருக்கப் போட்டாயிற்று என்றார் மெக்கானிக். பிரித்து மாட்டியதற்குக் கூலி எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார். இரண்டு ராத்திரி கண் முழித்திருக்கிறார் என்பது கண்ணின் சிவப்பிலேயே தெரிந்தது. என்ன சொல்ல முடியும் அந்த மனிதரை? ஒழுங்கான தொழிலாளி யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். ஒரு வார்த்தை, பத்து வருடத்தில் ஒரே ஒரு வார்த்தை, என் பையனுக்கு அந்தச் சத்தம் வேண்டும்ப்பா என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். இப்போதாவது சொன்னாரா? "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் கார் வந்து நின்றதும் மகன் ஓடி வந்தான். இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு அவன் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தார். பானட்டில் உள்ளங்கையை வைத்தான். நின்ற இடத்தில் எஞ்சின் மட்டும்தானே ஓடும், அது பழைய எஞ்சின்தான். ஏறி உட்கார்ந்தான். வாசலில் நின்ற மனைவி வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். ஒருவேளை, ஒருவேளை என்று மீட்டர்க்காரரின் மனசும் அடித்துக்கொண்டது. பணிமனை தாண்டியது, பாலம் தாண்டியது. ஏற்றம் வந்தது. இரண்டாவது கியரில் போட்டார்.

மகன் கண்ணை மூடி முனகத் தொடங்கினான். கார் கூடவே வரவில்லை. முனகலை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். மறுபடி தொடங்கினான், இன்னும் சத்தமாக. பிறகு கண்ணைத் திறந்து கியரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அவரே உதட்டைக் குவித்து 'ஊ' என்று இழுத்தார். முப்பத்தொரு வருடம் கேட்ட சத்தம், சுருதி தப்பவே இல்லை. அறுபத்தேழு வயது மனிதர், நடுரோட்டில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, கியர் மாதிரி ஊளையிட்டார்.

மகன் கையை நீட்டி அவர் வாயை மூடினான். அடிக்கவில்லை, அழுத்தவும் இல்லை. மூடினான், அவ்வளவுதான். பிறகு முன்னால் குனிந்து டேஷ்போர்டில் நெற்றியை மோதத் தொடங்கினான்.

மீட்டர்க்காரர் அவன் நெற்றிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்தார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை அங்கே. கியர் மாற்றக் கை இல்லை. வீடு வரைக்கும் இரண்டாவது கியரிலேயே வந்தார். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே கேட்டதெல்லாம் அவர் கையின் மேல் விழுந்த அடிகள்தான்.

மனைவி கதவைத் திறந்து மகனின் நெற்றியைப் பார்த்தாள். பிறகு வீங்கிப் போன அவர் விரல்களைப் பார்த்தாள். இரண்டு பேருமாக மகனை உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்து மாத்திரை கொடுத்து, அது வேலை செய்கிற வரைக்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கண் சொருகியதும் மீட்டர்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ஹோமுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு."

அவள் ஈரத் துணியை மடித்து மகனின் நெற்றியில் வைத்தாள். இன்னொன்றை நனைத்தாள். அந்தக் கையால் பிழிய வராமல், தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் விரல்களின் மேல் சுற்றினாள்.

"சொல்லிட்டேங்க. திங்கக்கிழமை கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

எப்போது சொன்னாய் என்று கேட்டார்.

"நாலஞ்சு நாளாச்சு. நான் சொன்ன மறுநாளே நீங்க பஸ்ல இருந்து போன் பண்ணி, கெடைச்சிருச்சும்மா, கெடைச்சிருச்சுன்னு அழுதீங்க. அப்புறம் எப்படிங்க நான் அதைச் சொல்லுவேன்?"