கடைசி பெஞ்சில் மேயர்

காலை ஒன்பதே முக்காலுக்கு நீதிமன்ற அறிவிப்புப் பலகை முன் நின்று, அன்றைய வழக்குப் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே இறங்குகிறார் மேயர். ஒரு வரியிலும் அவர் பெயர் இருக்காது. பதவியில் இருக்கும்வரை வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்று விதி. ஆனாலும் கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் காரில் ஏறுவார். அதுவரை டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்துவிடுவார், அவருக்குப் பழக்கம்.

ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரே ஓர் அறை, கால் ஆடும் நாற்காலி. அங்கேதான் இருபத்தாறு வருடம் வக்கீலாக இருந்தார். வாடகைத் தகராறு, பாகப்பிரிவினை, பக்கத்து வீட்டு மரக்கிளை, எதையும் சின்ன வழக்கு என்று திருப்பி அனுப்பியதில்லை. தோற்றுவிட்டால் கட்சிக்காரர் வீட்டுக்கே போய், ஏன் தோற்றோம் என்று உட்கார்ந்து விளக்குவார். தேர்தலில் நின்றபோது, அவர் வாதாடித் தோற்ற வீடுகள்கூடக் குடும்பத்தோடு வந்து ஓட்டுப் போட்டன. பத்திரிகைக்காக அவரைப் பற்றி எழுதப் போன எனக்கு, இதைக் கேட்டபோது மெய் சிலிர்த்துவிட்டது. அவரோ, "அது கெடக்கட்டும் தம்பி. இன்னிக்கு மூணாம் நம்பர் கோர்ட்டுல என்ன கேஸு தெரியுமா?" என்றார்.

அவருடைய கேஸ் கட்டுகளை இப்போது மச்சினர் பார்க்கிறார். மனைவியின் தம்பி, இவரிடமே தொழில் படித்தவர். அவர் பிரமாதமாக வாதாடினார் என்று யாராவது சொன்னால் போதும், மேயர் முகம் சுண்டிப்போகும். "குரல் நல்லாத்தான் இருக்கும். சரக்கு வேணும்ல?" என்பார். வீட்டம்மா விடுவதில்லை: "ஊரே உங்களப் பாத்து வயிறெரியுது. நீங்க என் தம்பியப் பாத்து வயிறெரியிறீங்க."

அன்று மூன்றாம் எண் கோர்ட்டில் சலவைக்கடைக்காரம்மாவின் வழக்கு. கடைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்துக்குப் போக ஒரே ஒரு சந்து. அதைப் பக்கத்துக் கடைக்காரர் சுவர் வைத்து அடைத்துவிட்டார். சந்து போனால் கடையும் போச்சு. ஒன்பது வருடம் மேயர் கட்டிக் காத்த வழக்கு. இறுதி வாதம் மச்சினருக்கு வாய்த்திருக்கிறது.

மேயர் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில். மச்சினர் தடையில்லாமல் பேசப் பேச, இவர் வாய்க்குள்ளேயே திருத்திக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நீதிபதியே சிரித்துவிட்டார். "அது என் வரி," என்று முணுமுணுத்தார் மேயர்.

அப்போதுதான் நீதிபதி கேட்டார், சந்து பொதுவழி என்பதற்குப் பழைய ஆவணம் எங்கே என்று. மச்சினர் கட்டைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். தாள்கள் தரையில் விழுந்தன.

மேயர் என் காதருகே குனிந்தார். "நாப்பத்திரண்டாம் பக்கம். சர்வே வரைபடம். இவனுக்கு எங்க தெரியப்போவுது." அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம்தான், எனக்குப் பொய் சொல்ல வராது. அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார் என்று நாளைக்கு ஊர் பேசுமே.

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். "இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க வக்கீல்."

மச்சினர் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தார். "மாமா" என்று உதடு மட்டும் அசைந்தது. மேயர் மின்விசிறியைப் பார்த்தார். முன்வரிசையில் சலவைக்கடைக்காரம்மாவும் திரும்பினார். மேயரையே பார்த்தார்.

மேயர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். மார்புக்கு நேராக நான்கு விரலை விரித்துக் காட்டினார். பிறகு இரண்டு.