மயில் உருகவில்லை, சட்டி உருகியது: பல்லேகலைக்கு ஒரு நாள் ஓட்டம்

முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஐம்பத்தொரு வயதில், மகளின் ஹெயார் ட்ரையரால் கரியடுப்பை ஊதி, வீட்டுச் சட்டியை உருக்கி ஊற்றியவன் நான். உருக்க நினைத்தது சட்டியை அல்ல, குத்துவிளக்கின் உச்சியில் இருந்த பித்தளை மயிலை. தூசி தட்டும்போது விழுந்து அதன் கழுத்து முறிந்துவிட்டது. விளக்கு, மறைந்த மாமியார் என் மனைவிக்குக் கொடுத்தது. ஒருமுறை கடைக்காரர் புது மயில் காட்டியபோது, "ஒரு துண்டு மாறினாலும் அது எங்கம்மா விளக்கு இல்ல" என்று மனைவி எழுந்தே வந்துவிட்டாள். இப்போது வவுனியாவில் தங்கை வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை வந்து விளக்கேற்றுவாள்.

அதனால் நானே உருக்கி ஒட்டத் துணிந்து, மயிலை அலுமினியச் சட்டியில் வைத்தேன். அலுமினியம் 660 பாகையில் உருகும், பித்தளைக்கு 900க்கு மேல் வேண்டும். இந்த அரிய உண்மையை, சட்டியின் அடி கழன்று கரியில் விழுந்த பிறகு போனில் படித்தேன்.

அதனால் வார்ப்புப் பட்டறை தேடி, வியாழன் காலை 5.15க்கு எங்கள் ஊர் ஹட்டனில் பஸ் ஏறினேன். 280 ரூபாய், கண்டி 8.05. அங்கிருந்து குண்டசாலை வழியாகப் பல்லேகலைக்கு இன்னொரு பஸ், முப்பத்தைந்து நிமிடம். கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ, 350 ரூபாய்.

"என்ன சேர் மடியில? புள்ளய மாதிரி புடிச்சிக்கிட்டிருக்கீங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"மயில்."

"உசிரோடயா?"

"கழுத்து முறிஞ்சிருச்சு அண்ணே."

அவர் கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். என்னை இறக்கிவிட்டுப் போன வேகத்தில் மீதிக் காசையும் தரவில்லை.

வார்ப்புப் பட்டறை நடத்தும் ராஜு மாஸ்டர் பொட்டலத்தைப் பிரித்தார். மயிலின் இடுப்பைச் சுற்றி அலுமினியம் உறைந்திருந்தது.

"என்னாங்க இது, மயிலுக்குப் பாவாடை கட்டியிருக்கீங்க?"

கதையைச் சொன்னேன். அடுப்பில் நின்றவரையும் கூப்பிட்டு மறுபடி சொல்ல வைத்தார். பிறகு பாவாடையைத் துளி விடாமல் செதுக்கினார், அலுமினியம் கலந்தால் வார்ப்பு கெட்டுவிடுமாம். கழுத்தை மெழுகால் ஒட்டி, மயிலை ஈர மணலில் அழுத்தி அச்செடுத்தார். வெளியே எடுத்த மயில் நேராக மூசைக்குள் போனது. மூசை என்பது உலோகம் உருக்கும் பானை. அதற்குத் தன் உள்ளே இருப்பதைவிட அதிகச் சூடு தாங்கத் தெரியும், என் சட்டிக்குத் தெரியவில்லை.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது.

"அங்க ஒரே புழுக்கம். பத்து மணிக்கே பஸ் ஏறிட்டேன், ஆறு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பேன்" என்றாள் மனைவி.

"மாஸ்டர், கொஞ்சம் சீக்கிரம்..."

"அம்மா போன் பண்ணா அடுப்பு சூடாயிருமா? இருங்க. இப்ப உங்க மூஞ்சிதான் வெளுத்திருக்கு, பித்தளை இன்னும் வெளுக்கல."

அங்கே வெப்பமானி இல்லை. நெருப்பு பச்சையாகி வெள்ளைப் புகை கிளம்பியதும் "ஆச்சு" என்றார். அந்தப் புகை துத்தநாகம், போகிறவர்கள் அது வீசும் பக்கம் நிற்கவேண்டாம். நான் நின்றேன், மாலை வரை இருமினேன். 12.20க்கு ஊற்றினார். அராவி, மரை வெட்டிக் கையில் தரும்போது மணி 1.40. கூலி 2,500 ரூபாய். கண்டியில் அதே அளவில் ஒரு சட்டியும் வாங்கிக்கொண்டு 2.50 பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் மயிலைத் திருகி முடிக்கவும் கேற் திறக்கவும் சரியாக இருந்தது. மனைவி விளக்கேற்றினாள்.

"என்ன, பளபளன்னு இருக்கு?"

"சும்மா இருந்தேன்ல, புளி போட்டுத் தேச்சேன்."

மயிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்மாவே பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்குங்க." நான் திரும்பி நின்று இருமினேன். புகையால் மட்டும் அல்ல.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், பருத்திச் சட்டை போடுங்கள், செருப்பு வேண்டாம், காலை மூடும் சப்பாத்து கட்டாயம். உடைந்த துண்டை நீங்களாகச் சுடாதீர்கள். பழைய உலோகத்திலேயே பொருள் திரும்பிவரும், துணிந்து கொடுங்கள்.

மயிலின் எடை நூற்றெண்பது கிராம். அது மூசையின் அடியைக்கூட நனைக்காது என்பதால், மாஸ்டர் கூடவே போட்டு உருக்கியது மூன்று கிலோ பழைய கழிப்பறைப் பித்தளைக் குழாய்கள்.