சர்க்கரை பூசிய சாட்சி

மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடத்தில்தான் பம்புக்காரருக்குப் பிழைப்பு. உணவகங்களின் பின்புறத்தில், கொழுப்பும் எச்சிலும் உறைந்து அடைத்த குழாய்களைத் திறந்து, லாரியிலிருக்கும் பம்பால் உறிஞ்சி எடுப்பார். மூடியைத் தூக்கியதும் சமையற்காரர்கள் நாலடி தள்ளிப் போவார்கள். அவரோ குனிந்து பார்ப்பார். நாற்றம் அவருக்கு ஒருநாளும் குமட்டியதில்லை. அது பொய் சொல்லாது. இங்கே இன்னது அழுகிக் கிடக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

அவருக்குக் குமட்டியதெல்லாம் மனைவியின் அண்ணனைக் கண்டால்தான்.

மச்சான் சபையில் மூப்பர். திரைச்சீலைக் கடை வைத்திருந்தார். வாயைத் திறந்தால் இனிப்பு வழிவதால் 'சர்க்கரை' என்று பட்டப்பெயர். போதகரே ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு இருமிச் சமாளித்தார். வயிற்றில் புற்று வந்து தங்கை படுத்திருந்த அறைக்குள் நுழையுமுன் மச்சான் ரோஜா வாசனையை 'புஸ்புஸ்' என்று அடித்துவிட்டுத்தான் வருவார். வாந்தியும் மருந்தும் ரோஜாவும் கலந்து ஒரு நெடி எழும் பாருங்கள், சாக்கடையில் புழங்குகிறவருக்கே குடலைப் புரட்டும்.

"எல்லாம் நன்மைக்குத்தான் மாப்பிள்ளே," என்று ஈரக் கையால் பம்புக்காரரின் கையைப் பிடித்துக்கொள்வார். இவருக்கு உடனே சோப்பு தேடத் தோன்றும்.

அவள் போன அன்று பிற்பகல் மச்சான் பழச்சாறு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அறையில் பம்புக்காரரும் மகளும் மட்டும். எலும்புக்கூடாய்க் கிடந்தவள், எங்கிருந்துதான் பலம் வந்ததோ, எழுந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னய்யா பண்ணிட்டிருக்கே மேல? காது செவிடா? எம் பொண்ணை அந்தரத்துல விட்டுட்டு எங்க கூப்பிடறே? வர முடியாது போ! உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

பிறகு வாந்தி எடுத்தாள். அவர் கிண்ணத்தை நீட்டுமுன் தலை சாய்ந்துவிட்டது.

மண் போட்டு வந்ததிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. மருந்துக்கடை வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள், அப்பாவுக்குப் பரிமாறுவாள். தன் தட்டைக் கவிழ்த்துவிடுவாள். ஜெபம் என்று யாராவது கண்ணை மூடினால் எழுந்து போய்விடுவாள். ஆள் பாதியாகிவிட்டாள். அதற்குள் மச்சான் ஊரெல்லாம் பரப்பியிருந்தார், தங்கை சிரித்த முகமாகப் போனாள் என்று. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே மச்சான் வாங்கி வைத்த கேக்கைக் கடித்தார்கள். அவர்களின் உதட்டோரத்து க்ரீமைப் பார்க்கவே பம்புக்காரருக்கு அருவருப்பாக இருந்தது.

சபையில் அவளுக்கு நடக்கவிருந்த நினைவுக் கூட்டத்துக்கு முந்தின நாள் மகளிடம் கேட்டார்: "ஏம்மா, உடம்பைப் போட்டு ஏன் இப்படி வருத்திக்கறே?"

"மாமா ஏம்ப்பா பொய் சொல்றாரு?"

"அவரு விஷத்தையே தேன்ல முக்கிக் குடுக்கறவரு. விடு."

"இல்லப்பா. நிஜத்தைச் சொன்னா அம்மாவை மேல சேத்துக்க மாட்டாங்க. அதனாலதானே மறைக்கிறாரு? ஆண்டவரைத் திட்டிட்டே செத்தவ எங்கப்பா போவா?"

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளை பட்டினி கிடப்பது துக்கத்தால் அல்ல, பயத்தால். அந்தப் பயத்தை ஊட்டியது அவளைத் தேற்றச் சொன்ன பொய்.

இழவு கண்ட வீட்டிலிருந்து ஒருவர் முன்னால் நின்று சாட்சி சொல்வது அந்தச் சபையில் வழக்கம். மச்சான் முந்திக்கொண்டார். "எந் தங்கச்சி ரெண்டு கையையும் கூப்பி, 'இதோ வந்துட்டேன் அப்பா'ன்னு புன்னகையோட…" குரல் உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைந்தது. 'ஆமென்' என்று முனகல்கள் எழுந்தன. கீபோர்டு வாசிப்பவர் உருக்கமாக ஒரு கட்டையை அழுத்தினார். பம்புக்காரருக்குத் தொண்டை வரை புளித்து வந்தது.

எழுந்து நின்றார். "அவ அப்படிச் சொல்லலை."

"மாப்பிள்ளே, துக்கத்துல பேசறீங்க. உக்காருங்க."

"துக்கத்துல பேசாம, கல்யாணத்துலயா பேசறது?" சட்டையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தவர் கையை உதறினார். "அவ திட்டினா. செவிடான்னு கேட்டா. மனசு இருக்கான்னு கேட்டா. வாந்தி எடுத்தா, செத்தா. அவ்வளவுதான்."

சபையில் தலைகள் திரும்பின. கடைசி வரிசையில் மகள் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். பிள்ளையை இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டோமோ? மேலே என்ன சொல்வதென்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. மனைவியை நினைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பேசினார்.

"அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? ஒருத்தரை வேணாம்னு தலைமுழுகிட்டா அவகிட்டேர்ந்து ஒரு வார்த்தை வராது. மச்சான், கடைசி நாளெல்லாம் உங்ககிட்ட பேசினாளா? சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துப்பா. என்கிட்டயே பேசலை. மேல இருக்கற அவரு ஒருத்தர்கிட்டதான் வாயைத் திறந்தா. ஆளில்லாத வீட்டு வாசல்ல நின்னு யாராவது சண்டை போடுவாங்களா? அவரு அங்கதான் இருக்காரு, கேட்டுட்டுத்தான் இருக்காருன்னு நம்பினா. நம்பினதாலதான் கத்தினா. அவரும் சிலுவையில சாகறப்ப 'ஏன் என்னைக் கைவிட்டீர்'னு மேல பாத்துக் கத்தினவர்தானே? எங்க வலிக்குதுன்னு அவருக்குத் தெரியாதா?"

கீபோர்டுக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். மச்சான் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி, "என்ன அசிங்கம் இது," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். போதகர் மட்டும் தலையைக் குனிந்து, மெல்ல ஆட்டினார்.

லாரியில் ஏறியதும் மகள் கதவை இழுத்துச் சாத்தினாள். அவர் சாவியைத் திருகப் போனபோது கண்ணாடி வழியே வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"எங்கம்மாவை நல்லாப் பாத்துக்கோ. அவளுக்கு இனிமே வலிச்சதுன்னு வை, அங்கயே வந்து கேப்பேன். இங்க எங்க ரெண்டு பேரையும் இந்தக் கதியில வெச்சிருக்கியே, உனக்கே நல்லாருக்கா?"

சாவியை விட்டுவிட்டு அவர் தலை குனிந்தார். "ஆமென்."

"இருப்பா," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. "நான் இன்னும் முடிக்கலை."